வேண்டுதல் கொப்பி

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, இப்ப கோயிலுக்கு எத்தினை பேர் வருகினம்?" நாற்பது பேர் மட்டில் என்பேன். நத்தாருக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் கொஞ்சம் கூடும். உடனே அவர்கள் முகம் வாடிவிடும். "எங்கட காலத்தில வாங்கில இடமில்லாமல் விறாந்தையில நிண்டு கும்பிட்டனாங்கள்" என்பார்கள். பொய்யில்லை. அன்று விறாந்தையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வேறு கோயில்களின் வாங்குகளை நிரப்புகிறார்கள், கேட்கிறவரும் சேர்த்தி. அதை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கணக்குப் பேசுவது அழகில்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், வெங்காயமும் புகையிலையும் போடுகிற செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சின்னச் சபைக்கு நான் போதகர். 'அமெரிக்கன் மிஷன் கோயில்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். 1816இல் அமெரிக்க மிஷனரி டானியேல் பூவர் தெல்லிப்பழையில் வந்து தங்கியதோடு தொடங்கிய மிஷன் அது. பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்துபோனார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இலங்கையிலிருந்து அதில் சேர்ந்தவை யாழ்ப்பாணத்து மிஷன் சபைகள் மட்டுமே. சட்டப்படி எங்கள் பெயர் அதுதான். ஆனால் ஓட்டோக்காரத் தம்பியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் "இந்தியாக்காரற்ற கோயிலோ ஐயா?" என்று திருப்பிக் கேட்கிறான். அமெரிக்கர் போய் எத்தனையோ காலமாகியும் ஊரில் அவர்களுடைய பெயர்தான் நிற்கிறது.

வருகிறவர்களை எண்ணுவதற்கு ஒரு மூப்பர் இருக்கிறார். ஆராதனை முடிந்ததும் காணிக்கையையும் தலைகளையும் எண்ணிப் பதிவார். என்னிடம் இருப்பது வேறு கணக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சீஆர் கொப்பி ஒன்று. பக்கத்துக்கு ஒரு தலைப்பு: நோயாளர், துக்கத்தில் இருப்போர், பரீட்சை எழுதுவோர், வேலை தேடுவோர், பயணத்தில் இருப்போர், நன்றி சொல்ல விரும்புவோர். ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்குப் பிறகு வேண்டுதல் ஜெபத்தில் இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். பெரிய சபைகளில் 'நோயுற்ற அனைவரையும் நினைத்தருளும்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நாற்பது பேர் உள்ள இடத்தில் அது செல்லாது. பெயர் விடுபட்டால் திங்கட்கிழமை காலையிலேயே வாசலில் ஆள் நிற்கும்.

சின்னச் சபை என்பது வளராமல் போன பெரிய சபை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சக போதகர்கள் சிலருக்கே அந்த நினைப்பு இருக்கிறது. ட்ரம்ஸும் கீபோர்ட்டும் வைத்து மண்டபம் நிரப்புகிற புதிய சபைகளுக்கு எங்கள் இளம்பிள்ளைகளும் சிலர் போய்வருகிறார்கள். போகட்டும். அங்கே பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் ஊமையாகி வெகுகாலம். ஆனால் அங்கே போகிற பிள்ளையும் பரீட்சை நெருங்கினால் தாயிடம் சொல்லி அனுப்புகிறது: "ஐயாவிட்டச் சொல்லி என்ர பெயரைக் கொப்பியில எழுதுவியுங்கோ."

கொப்பியில் எனக்கு மிகவும் கனமான பக்கம் பயணத்தில் இருப்போர் பக்கம்.

சபையில் ஒரு தாய் இருக்கிறார். ஓய்வுநாட் பாடசாலையில் ஒரு தலைமுறைக்கே வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர். 2009இல், வன்னியில், போரின் கடைசி மாதங்களில் மகன் காணாமற்போனான். பிறகு செய்தி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் நித்திரையடைந்தவர்களை நினைக்கும் ஆராதனை ஒன்று வைப்போம். குடும்பங்கள் கொடுக்கிற பெயர்களை வாசித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவோம். ஒருமுறை மூப்பர் நல்லெண்ணத்தில் அந்த மகனுடைய பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். எப்படியோ செய்தி தாயின் காதுக்குப் போய், சனிக்கிழமை பின்னேரம் மிஷன் வீட்டு வாசலில் வந்து நின்றார். இருங்கோ என்றும் இருக்கவில்லை.

"ஐயா, அவன்ர பெயரை நாளைக்கு வாசிக்க வேண்டாம்."

"சரியம்மா. எடுத்துவிடுறன்."

"அப்ப எதில வாசிப்பியள்?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இறையியல் கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை. எங்கள் பாரம்பரியத்தில் இறந்தவருக்காக வேண்டுதல் செய்வதில்லை. அவருடைய வாழ்வுக்காக நன்றி மட்டும் சொல்வோம். கத்தோலிக்கச் சகோதரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மரித்த ஆன்மாவுக்கும் அவர்கள் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். எங்களிடமோ நித்திரையடைந்தோர் பட்டியலில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அவருக்காகக் கேட்பது அன்றோடு நின்றுவிடும். வேதபாடம் சொல்லிக் கொடுத்த தாய்க்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் நிற்காமல் ஓடிவந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் யோசித்து அவரே சொன்னார்: "பயணத்தில இருக்கிறவையோட போடுங்கோ."

அப்படியே எழுதினேன். விசா நேர்முகத்துக்குக் கொழும்பு போகிறவர், பேரப்பிள்ளை பார்க்கக் கனடா போயிருக்கிற தாய்தகப்பன், கதிர்காமம் பார்க்கப் போன பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் எல்லாரோடும் அவனுடைய பெயரும் ஞாயிறுதோறும் வருகிறது. பிரான்சிலிருந்து வந்திருந்த ஒருவர் ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அந்தத் தாயிடமே கேட்டார், மகன் எந்த நாட்டில் என்று. "இன்னும் அறிவிக்கேல்லை" என்றார் தாய். சொல்லிவிட்டு அவருக்கு பிஸ்கற் தட்டை நீட்டினார்.

அரசாங்கத்திடமும் இதற்குப் பட்டியல்கள் உண்டு. காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. மரணம் என்று எழுத மனமில்லாதவர்களுக்காக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழுக்கு 2016இல் அதே சட்டத்தைத் திருத்தினார்கள். காணி மாற்றவும் வங்கிக் கணக்கைத் தீர்க்கவும் ஏதோ ஒன்று வேண்டும் என்று கிராம சேவகர் விளக்கியிருக்கிறார். இந்தத் தாய் இரண்டையும் எடுக்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் இருந்து போராடத் தொடங்கியபோது, முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வந்தார். அந்தக் கொட்டகையில் சாமிப்படங்களும் இருந்தன, சிலுவையும் இருந்தது என்று வந்து சொன்னார்.

ஒரு நண்பர், அவரும் போதகர், இதைக் கேட்டுவிட்டு, "கடவுளுக்கு முன்னால தெரிஞ்சுகொண்டே பிழையான பட்டியல் வாசிக்கிறது சரியோ?" என்றார். அவர் 'தெரிஞ்சுகொண்டே' என்றதில்தான் எனக்கு இடிக்கிறது. எனக்கு என்ன தெரியும்? பையன் எங்கே என்று எனக்குத் தெரியாது. அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தால் சொல்லவில்லை. கடவுளுக்குத் தெரியும் என்று நான் நம்புகிறேன். அவருக்குத் தகவல் கொடுப்பதற்காக நான் கொப்பியை வாசிப்பதில்லை. என் விசுவாசம் எவ்வளவு என்று யாரும் கேட்டால், அந்தப் பெயரை வாசிக்கும்போது குரல் தடக்காமல் இருக்கிற அளவு என்று சொல்வேன். சில ஞாயிறுகளில் தடக்கும்.

ஞாயிறு ஒன்றரை மணிநேரம். மற்ற நாட்களில் போதகரின் வேலை, வீடுகளுக்குப் போய் இருப்பது. போவதைவிட இருப்பதுதான் கஷ்டம். மோட்டார் சைக்கிளைக் கேற்றடியில் நிறுத்திக் கூப்பிட்டால் முதலில் நாய் வரும். பிறகு "ஆர்? ஐயாவே? வாங்கோ வாங்கோ" என்று ஒரு குரல். நாலு அறை, மேல்மாடி, மாபிள் பதித்த விறாந்தை, உள்ளே எண்பது வயதில் தனியாக ஒரு ஆச்சி. வீடு கட்டக் காசு அனுப்பின பிள்ளைகள் அங்கே. கட்டின வீட்டைக் காவல் காப்பவர் இங்கே. தேத்தண்ணி வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவார்கள். ஆகவே நாலு வீடு போனால் நாலு தேத்தண்ணி, எல்லாவற்றிலும் சீனி கூட. என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்குத்தர் தொழில் என்ன என்று கேட்டார். சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது.

முதலில் முழங்கால், பிறகு எல்லைவேலி, பிறகு மருமகள். ஜெபம் கடைசியில்தான். அதை முந்திக்கொண்டு நான் வேதாகமத்தைத் திறந்தால் 'ஐயா அவசரத்தில நிக்கிறார்' என்று பேச்சு வரும். முடிக்கும்போது 23ஆம் சங்கீதம் கேட்பார்கள். நான் வாசிக்கத் தொடங்கினால் அவர்கள் பார்க்காமல் சொல்லி முடிப்பார்கள். ஞாபகமறதி வந்து மகளின் பெயரையே மறந்துபோன ஒரு ஐயா இருந்தார். அவரும் அந்தச் சங்கீதத்தில் ஒரு வரி பிசகினதில்லை.

கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குத் திருவிருந்து வீட்டிலேயே. சின்னப் பெட்டி ஒன்றில் கிண்ணமும் தட்டும் வெள்ளைத் துணியும் கொண்டுபோவேன். திராட்சைரசம் தோலகட்டி ஆச்சிரமத்தில் வாங்குவது. 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய ஜெபமாலைத்தாசர் சபைத் துறவிகளின் இடம் அது. அவர்களுடைய நெல்லிரசத்துக்கு யாழ்ப்பாணம் முழுக்கப் பெயர். மிஷன்காரரும் கத்தோலிக்கரும் ஒரு காலத்தில் துண்டுப்பிரசுரம் அடித்துச் சண்டை பிடித்த ஊர் இது. இப்போது புரட்டஸ்தாந்துப் போதகன் கத்தோலிக்கத் துறவிகளின் போத்தலை மோட்டார் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டு போகிறான். இரு பக்கத்து முன்னோரும் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

கோயிலில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் பருகுவதுதான் எங்கள் வழக்கம். தொடக்க காலத்தில் மிஷனரிமாருக்குப் பெரிய தலையிடியே இந்தச் சாதி பார்க்காமல் சேர்ந்து உண்பதும் குடிப்பதும்தான். அந்தச் சண்டை பீடத்தடியில் முடிந்துவிட்டது. ஆனால் ஒழியவில்லை, டெலிபோனுக்குள் போயிருக்கிறது. மாதத்தில் ஒருதரமாவது ரொறன்ரோவிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ ஒருவர் எடுப்பார். பெண் பகுதியைப் பற்றி விசாரிக்கவாம். "குடும்பம் எப்பிடி ஐயா?" நல்ல குடும்பம், ஞாயிறு தவறாமல் வருகிறார்கள் என்பேன். "அது சரி ஐயா, ஆக்கள் எப்பிடி?" நல்ல ஆக்கள் என்பேன். "இல்லை ஐயா, நான் கேக்கிறது..." அவர் கேட்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மூன்றாம் முறையும் ஞாயிறு வருகையைப் பற்றியே சொன்னால் வைத்துவிடுவார். பிறகு வேறு யாரிடமாவது கேட்டு அறிந்துகொள்வார் என்பதும் தெரியும். இதில் நான் வென்றதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பதிவேட்டுக்காக எடுக்கிறவர்கள் வேறு வகை. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று பெரிய புத்தகங்கள் மிஷன் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு வட்ஸ்அப்பில் வரும்: "ஐயா, என்ர பூட்டன்ர ஞானஸ்நானப் பதிவு எடுத்துத் தருவியளோ?" அங்கே அப்போது பின்னேரம், இங்கே என்ன நேரம் என்று பார்ப்பதில்லை. விடிந்ததும் தேடுவேன். பழைய ஏடுகளில் அரைவாசி அமெரிக்கப் பெயர்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிலும் உடுவில் பெண்கள் பாடசாலையிலும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் காசு கொடுத்த அமெரிக்கரின் பெயரை அந்தப் பிள்ளைகளுக்கே இட்டார்கள். உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய சதாசிவம்பிள்ளை ஜே.ஆர். ஆணல்ட் ஆனது இப்படித்தான். பொஸ்ரனில் இருக்கிற ஒரு பிள்ளை தன் பூட்டனின் பெயர் ஏன் இப்படி என்று கேட்டு எழுதியது. உங்கள் பக்கத்து ஊர்க்காரர் யாரோ கொடுத்த பெயர்தான், அங்கேயே விசாரித்துப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.

இந்தப் புத்தகங்கள் இருப்பதே பெரிய விஷயம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனம் முழுக்கப் போருக்குத் தப்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, அப்போதைய மூப்பர் ஒருவர் உரப்பையில் இவற்றைச் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். வீட்டிலிருந்து அவர் எடுத்த வேறு சாமான் ஒரு கேத்தில் மட்டும்தான் என்று அவருடைய மனைவி இன்றைக்கும் குறைப்படுவார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கோயிலில் ஓடு இல்லை, வாங்கு இல்லை, மணி இல்லை. புத்தகம் இருந்தது. ஈரம் பட்ட பக்கங்களில் மை ஊறியிருக்கிறது, பெயர்களை வாசிக்கலாம்.

அதே ஆண்டு ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊரவர்களும் அங்கே போயிருந்தார்கள். அவர்களில் சிலரை அடக்கப் பதிவேட்டில் ஒரே கையெழுத்தில், ஒரே திகதியில், வரிசையாகக் காண்கிறேன். எழுதியவர் எனக்கு முன் இருந்த போதகர். அந்தப் பக்கத்தில் எழுத்து மற்றப் பக்கங்களைவிடத் திருத்தமாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்னால் இங்கே ஒரே துக்கம் என்று நினைப்பீர்கள். அறுப்பின் பண்டிகைக்கு வந்து பாருங்கள். தை மாசியில் வயல் அறுத்த பிறகு வருகிற ஞாயிறு அது. முதல் நெல்லு, வாழைக்குலை, தேங்காய், முருங்கைக்காய், பனங்கட்டிக் குட்டான், முட்டை, ஆட்டுக்குட்டிகூட வரும். ஆராதனை முடிந்து ஏலம். ஏலம் கூறுகிற அண்ணர் வாரநாளில் வாய் திறக்காத மனிதர். அன்றைக்கு மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். இப்போது வெளிநாட்டவர்களும் வைபரில் ஏலம் கேட்கிறார்கள். போன முறை ஒரு பூசணிக்காய்க்காக கனடாவில் மார்க்கம் நகரில் இருக்கிற தமையனும் லண்டன் ஹரோவில் இருக்கிற தம்பியும் ஏறி ஏறிக் கேட்டு, சந்தையில் ஒரு வண்டி பூசணி வாங்கக்கூடிய விலைக்குப் போனது. ஓடு மாற்றுகிற செலவில் ஒரு பகுதி அந்தப் பூசணியில் வந்தது. வென்றவர் அங்கே இருந்து பூசணியை என்ன செய்வது? "ஐயா வீட்டுக்குக் குடுங்கோ." ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். மாசி மாதத்தில் மிஷன் வீட்டில் பூசணிக்காய்க் கறி, பூசணிக்காய்ச் சொதி, பூசணிக்காய் போட்ட சாம்பார். என் மனைவி அடுத்த ஏலத்தில் மீன் வைக்கச் சொல்லி மூப்பரிடம் கேட்டிருக்கிறார்.

ஊரில் நாங்கள் சொற்பம். 'வேதக்காரர்' வீடுகள் எவையென்று எல்லாருக்கும் தெரியும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் ஊரோடு சேர்ந்து எங்கள் வீடுகள் பலவற்றிலும் மீன் சட்டி ஏறாது. அது விசுவாசக் குறைவு என்று புதிய சபைக்காரர் ஒருவர் என்னைக் கண்டித்தார். பக்கத்து வீட்டுக்காரர் விரதம் இருக்கும்போது மதிலுக்கு மேலால் பொரியல் மணம் அனுப்புவதில் என்ன விசுவாசம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மார்கழியில் நாங்கள் கரோல் போகும்போது அவர்களும் கேற்றைத் திறந்து வைப்பார்கள். சேறும் மழையும் என்றாலும், நத்தார் பாப்பா வேஷம் போட்ட பையனுக்கு அதிகம் இனிப்புக் கிடைப்பது சைவ வீடுகளில்தான். கொப்பியின் பரீட்சைப் பக்கத்திலும் பாதிப் பெயர்கள் அவர்களுடைய பிள்ளைகளுடையவை. பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு அப்படியே என்னிடமும் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஏ.எல். பரீட்சைக்கு எந்தக் கதவையும் விட்டுவைக்கக் கூடாது என்பது யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் கொள்கை.

இனி எனக்கு இடமாற்றம். கடிதம் வந்துவிட்டது. எங்களுடைய ஒழுங்கில் ஒரு போதகர் ஒரே சபையில் நெடுங்காலம் இருப்பதில்லை. கையளிக்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: பதிவேடுகள், திருவிருந்துப் பாத்திரங்கள், வங்கிப் புத்தகம், திறப்புக் கோர்வை, கிணற்று மோட்டார். கொப்பி அதில் இல்லை. புதிதாக வருகிறவர் இளையவர், கெட்டிக்காரர், கொம்பியூட்டர் நன்றாகத் தெரிந்தவர். போன கிழமை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். விறாந்தையில் இருத்தி, கொப்பியை விரித்து, பக்கம் பக்கமாகச் சொன்னேன். ஆருக்கு என்ன வருத்தம், ஆர் ஆரோடு கதைப்பதில்லை, எந்தப் பெயரை வாசிக்கும்போது எந்த வாங்கைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம். பயணத்தில் இருப்போர் பக்கத்தில் அந்தப் பெயருக்கு வந்ததும் கதை முழுவதையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதை எக்செல்ல போட்டு வைக்கட்டோ ஐயா? தேட லேசு" என்றார். போடுங்கோ என்றேன். தலைப்புகளை மட்டும் மாற்ற வேண்டாம் என்றேன்.

"ஞாயிறு பின்னேரம் அந்த அம்மாவிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று கேட்டார்.

போகிறோம். ஏற்கெனவே சொல்லி அனுப்பியாயிற்று; இடியப்பமும் சொதியும் செய்வதாகப் பதில் வந்திருக்கிறது.